மண்டியிட்டுச் சாயும் ஒரு பயிற்சியின் கதை

தரையில் ஒரு பாய். அதன்மேல் மண்டியிட்டு நிமிர்ந்து நிற்கிறார் ஓட்டக்காரர். பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி அவருடைய இரண்டு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். இடுப்பை மடக்காமல், முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு உடல் மெல்ல முன்னால் சாய்கிறது. ஆரம்பத்தில் எளிதாகத்தான் தோன்றும். கொஞ்சம் சாய்ந்ததும் தொடையின் பின்பக்கம் நடுங்கத் தொடங்கும். தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்பதுதான் விதி. ஓரிடத்தில் தசைக்குப் பிடிமானம் போய்விடும். உடல் தொப்பென்று விழும். உள்ளங்கை இரண்டும் தரையில் ஊன்றித் தாங்கிக்கொள்ளும். கையால் தள்ளி எழுந்து, மறுபடியும் மண்டியிட வேண்டும்.

இவ்வளவுதான் பயிற்சி. பெயர் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங். களத்தில் சுருக்கமாக ‘நார்டிக்’ என்பார்கள். எந்திரம் வேண்டாம், எடைத்தட்டு வேண்டாம், ஜிம் சந்தா வேண்டாம். கணுக்காலைப் பிடிக்க ஒரு ஆள் போதும். விளையாட்டு மருத்துவத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு தூரம் சோதிக்கப்பட்ட இன்னொரு பயிற்சியைச் சொல்வது கடினம். இது ஆய்வகங்களில் தொடங்கி உலகம் முழுக்கப் போன கதை சுவையானது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அந்தத் தசையைப் பார்த்துவிடுவோம். ஹாம்ஸ்ட்ரிங் என்பது ஒரே தசை அல்ல; தொடையின் பின்புறம் ஓடும் மூன்று தசைகளின் கூட்டம். நாம் உட்காரும்போது அழுந்துகிற இடுப்பெலும்பின் முனையில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே போய்ப் பிடித்துக்கொள்கிறது. இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டியிருப்பதால்தான் இதற்கு இத்தனை சோதனை. முழு வேகத்தில் ஓடும்போது காலை முன்னால் வீசுகிறோம். இடுப்பு மடங்குகிறது, முழங்கால் நீள்கிறது. அந்த வீச்சு அப்படியே போனால் முழங்கால் தாங்காது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அதை இழுத்து நிறுத்துவது ஹாம்ஸ்ட்ரிங்கின் பொறுப்பு. தான் நீண்டுகொண்டே போகும்போதே இழுத்தும் பிடிக்க வேண்டும். 2005-இல் வெளியான ஓர் அறிக்கை இதை நேரடியாகவே காட்டியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் ட்ரெட்மில்லில் ஒருவர் ஓடுவதை அளந்துகொண்டிருந்தபோதே அவருடைய ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்துவிட்டது. பதிவான அசைவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, கால் முன்னால் வீசப்படும் கடைசிக் கட்டத்தில்தான் அது நடந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். வேகமாக ஓடும்போது அடிபடுவது பெரும்பாலும் மூன்றில் வெளிப்பக்கமாக இருக்கும் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலை.

கிழிந்த கணத்தை விளையாட்டு பார்க்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் பிரிட்டனின் டெரெக் ரெட்மண்ட் அப்படித்தான் நின்றார். காவலர்களை மீறி ஓடிவந்த தந்தை தோளில் தாங்கிக்கொள்ள, எல்லைக்கோடு வரை நடந்து முடித்தார். 1999 ஏப்ரலில் லீட்ஸ் மைதானத்தில் மைக்கேல் ஓவனுக்கு அது நேர்ந்தபோது வயது 19. பிறகு 2001-இல் பலோன் தோர் விருதே வாங்கினார். ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு தன் ஓட்டம் பழையபடி இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நமக்கு இன்னும் நெருக்கமானது 2021 ஜனவரி 11, சிட்னி டெஸ்ட். வேகமாக ஒரு ரன் ஓடியபோது ஹனுமா விஹாரியின் ஹாம்ஸ்ட்ரிங் போனது. ஓட முடியாத அவர் 161 பந்துகள் நின்று 23 ரன் எடுத்தார். எதிர்முனையில் நம் அஸ்வின் முதுகுவலியோடு 128 பந்துகளைத் தாங்கினார். ஆட்டம் டிரா ஆனது. தொடரின் அடுத்த டெஸ்டில் விஹாரி ஆடவில்லை. அந்த உறுதியைக் கொண்டாடியவர்கள் நிறையப் பேர். அவர் திரும்பி ஓட என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்தவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருந்திருப்பார்கள்.

அந்தக் கேள்விக்கான பதில் ஒரு சைக்கிளில் தொடங்குகிறது. லண்டனில் ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூன்று உடலியங்கியல் ஆய்வாளர்கள் 1952-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு நிலையான சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல் முன்னோக்கி மிதிப்பார். மற்றவருடைய பெடல் அதனால் பின்னோக்கிச் சுழலும். அவர் அதை எதிர்த்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இருவரும் கொடுக்கும் விசை ஒன்றுதான். ஆனால் செலவாகும் ஆக்சிஜனில் பெரிய வேறுபாடு. மிதிப்பவர் மூச்சு வாங்குகிறார். தடுப்பவர் சாவகாசமாக இருக்கிறார். ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது சிறிய உருவமுள்ள பிரெண்டா பிக்லண்ட் தடுக்கும் சைக்கிளில் உட்கார்ந்தார். அவரைவிடப் பெரிய மர்டாக் ரிட்சி மிதித்தார். கொஞ்ச நேரத்தில் ரிட்சி களைத்துப்போனார். கூடியிருந்தவர்கள் வெகுவாக ரசித்தார்களாம்.

தசை சுருங்கிக்கொண்டே செய்யும் வேலை வேறு, நீண்டுகொண்டே செய்யும் வேலை வேறு என்பதை அந்தச் சைக்கிள் எல்லோருக்கும் புரியவைத்தது. இரண்டாவதற்கு எக்சென்ட்ரிக் என்று பெயர். மாடியிலிருந்து நெல்மூட்டையைக் கயிறு கட்டி இறக்குபவரைப் பாருங்கள்: கயிறு கையைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும், பிடி மட்டும் தளரவே தளராது. தசையும் அப்படி இழுபட்டுக்கொண்டே பிடிக்கும்போது குறைந்த செலவில் அதிக விசை தரும். ஆனால் பழக்கமில்லாத தசை அதே வேலையில் எளிதாகச் சேதமாகும். ஓட்டக்காரரின் ஹாம்ஸ்ட்ரிங் கிழிவதும் இந்த வேலையின்போதுதான். அப்படியானால் அதே வேலையைப் பழக்கினால் என்ன?

இதற்கு அடுத்த துப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் டேவிட் மோர்கனும் லின்னும் எலிகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டார்கள். சில எலிகள் மேட்டில் ஏறி ஓடின, சில இறக்கத்தில் ஓடின. இறக்கத்தில் ஓடும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். 1994-இல் வெளியான முடிவு: இறக்கத்தில் ஓடிய எலிகளின் தசை இழைகளில் சார்கோமியர் எனப்படும் நுண்ணிய கண்ணிகள் நீளவாக்கில் கூடுதலாக இருந்தன. இந்தக் கண்டுபிடிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நீண்டுகொண்டே வேலை செய்யப் பழகிய தசை தன் இழைகளையே நீட்டித்துக்கொள்கிறது என்றால், வெறும் பலத்தைவிட ஆழமான ஏதோ ஒன்று நடக்கிறது. 2001-இல் மோனாஷைச் சேர்ந்த ப்ராக்கெட், மோர்கன், ப்ராஸ்கே மூவரும் மனிதர்களிடமே பார்த்தார்கள். மண்டியிட்டு முன்னால் சாயும் பயிற்சியைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே அமர்வுக்குப் பிறகே, ஹாம்ஸ்ட்ரிங் தன் உச்ச விசையைத் தரும் நிலை, தசை நீண்டிருக்கும் பக்கமாக நகர்ந்திருந்தது. கிழிவது எந்த நீளத்திலோ அந்த நீளத்தின் பக்கமாகவே பலம் வந்து சேர்கிறது.

ஏறக்குறைய அதே நேரத்தில் ஐரோப்பாவில் காயம்பட்டவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ழான்-லூயி க்ரோசியேவும் குழுவினரும், ஹாம்ஸ்ட்ரிங் காயம் திரும்பத் திரும்ப வந்து அவதிப்பட்ட 26 விளையாட்டு வீரர்களின் பலத்தை எந்திரத்தில் அளந்தார்கள். 18 பேருக்குப் பலக்குறைவு இருந்தது, அதிலும் தசை நீளும்போது தரவேண்டிய பலத்தில். இவர்கள் எல்லாம் ‘குணமாகி’ விளையாடத் திரும்பியவர்கள்! ஒவ்வொருவருக்கும் தக்கபடி எக்சென்ட்ரிக் பயிற்சி கொடுத்ததில் 17 பேருடைய பலம் சரியானது. அடுத்த 12 மாதங்களில் அவர்களில் ஒருவருக்கும் மறுபடி கிழியவில்லை. 2002-இல் இது வெளிவந்தது. வலி போய்விட்டது என்பதும் தசை தேறிவிட்டது என்பதும் இரண்டு வேறு செய்திகள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் பலத்தை அளந்த அந்த ஐசோகைனெடிக் எந்திரத்தின் விலை எத்தனை மைதானங்களுக்குக் கட்டுப்படியாகும்? ஸ்வீடனின் கார்ல் ஆஸ்க்லிங் 2003-இல் நல்ல பலன் காட்டியதும் ஓர் எந்திரத்தில்தான்: விண்வெளி வீரர்களின் தசை தேயாமலிருக்க உருவாக்கப்பட்ட சுழல்சக்கரக் கருவி. அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

எந்திரத்தை விட்டுவிட்டு மறுபடி பாய்க்கு வந்தவர்கள் நார்வேக்காரர்கள். ரோல்ட் பார் தலைமையிலான ஓஸ்லோ ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் நன்கு பயிற்சி பெற்ற 21 கால்பந்து வீரர்கள். ஒரு பாதி ஜிம்மில் எல்லோரும் செய்யும் ஹாம்ஸ்ட்ரிங் கர்ல் எந்திரத்தில். மறுபாதி பாயில் மண்டியிட்டு. பத்து வாரம். அட்டவணை இன்றும் ஏறக்குறைய அப்படியே புழக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன்: முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 செட். இரண்டாம் வாரம் 2 நாள், 6 முறை வீதம் 2 செட். மூன்றாம் வாரம் 3 நாள், 6 முதல் 8 முறை வீதம் 3 செட். நான்காவதில் அது 8 முதல் 10 ஆகும். ஐந்தாம் வாரம் தொடங்கிக் கடைசிவரை வாரம் 3 நாள், செட்டுக்கு 12, 10, 8. முடிவில் மண்டியிட்டவர்களின் எக்சென்ட்ரிக் பலம் 11% கூடியிருந்தது. கர்ல் எந்திரத்தில் உழைத்தவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. அந்த ஆய்வுக்குப் பிறகுதான் நார்டிக் என்ற பெயரோடு இந்தப் பயிற்சி ஊர் ஊராகப் போகத் தொடங்கியது.

ஐஸ்லாந்தின் அர்னி அர்னாசன் 2008-இல் நார்வே, ஐஸ்லாந்து முதல்நிலை அணிகளின் பல பருவக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். நார்டிக் செய்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் குறைந்திருந்தது. வெறுமனே ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. இன்றைக்கும் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்தால் ‘நல்லா இழுத்து ஸ்ட்ரெச் பண்ணு’ என்று சொல்லும் பெரியவர்கள் மைதானத்தில் உண்டு. அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் தசைக்கு வேண்டியது அது மட்டுமல்ல. ஃபிஃபா 2006-இல் கொண்டுவந்த ‘11+’ வார்ம்-அப் திட்டத்திலும் நார்டிக் இடம்பிடித்தது. நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 வீராங்கனைகளை வைத்து அந்தத் திட்டத்தைச் சோதித்தபோது மொத்தக் காயங்களும் கடுமையான காயங்களும் குறைந்தன. தொடக்கநிலை வீரருக்கு அதில் 3 முதல் 5 முறைதான். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று டென்மார்க்கிலிருந்து வந்தது. யெஸ்பர் பீட்டர்சன், பெர் ஹோல்மிக் குழுவினர் 50 அணிகளை, தொழில்முறையும் அமெச்சூரும் கலந்த 942 ஆட்டக்காரர்களை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். டென்மார்க்கில் குளிர்காலத்தில் லீக் ஆட்டங்கள் நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு பிரிவினர் நார்வே அட்டவணைப்படி 27 அமர்வுகள் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கமான பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2011-இல் வெளியான கணக்கு: செய்த 461 பேரில் 15 காயங்கள், செய்யாத 481 பேரில் 52. முதன்முறை காயங்களைவிட, மறுகாயங்களில்தான் வேறுபாடு பெரிதாக இருந்தது. முன்பு காயம்பட்ட 100 ஆட்டக்காரர்கள் ஒரு பருவம் ஆடினால், செய்தவர்களிடம் 7.1 மறுகாயம், செய்யாதவர்களிடம் 45.8. இன்னொரு விதமாகப் பார்த்தால், புதிய காயம் ஒன்றைத் தவிர்க்க 25 பேர் நார்டிக் செய்ய வேண்டும். பழைய காயம் திரும்புவதைத் தவிர்க்க 3 பேர் செய்தாலே ஒருவர் தப்பிக்கிறார்.

இந்தப் பயிற்சி யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதை அந்த 3 என்ற எண் சொல்லிவிடுகிறது. ஒருமுறை கிழிந்த காலுக்கு.

ஏன் என்று பின்னால் வந்த ஆய்வுகள் விளக்கின. காயம்பட்ட ஹாம்ஸ்ட்ரிங் வலியிலிருந்து தப்பிக்கத் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. தழும்பு உருவாகிறது, நரம்பு முழுக் கட்டளை கொடுக்கத் தயங்குகிறது, தசை இழைக்கற்றைகள் குட்டையாகின்றன. ரயன் டிம்மின்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் அல்ட்ராசவுண்ட் வைத்து, முன்பு காயம்பட்ட காலின் கற்றைகள் மறுகாலைவிடக் குட்டையாக இருப்பதைக் காட்டினார். அந்தக் காலோடு ஒருவர் மெதுவாக ஜாக் செய்தால் ஒன்றும் தெரியாது. வலியும் இராது. முழு வேகத்தில் பாயும்போதுதான் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை.

இந்தக் குறையை அளப்பதற்காகப் பாயே ஒரு கருவியாக மாறியது. பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓப்பரும் ஆன்டனி ஷீல்டும் சகாக்களும், கூட்டாளியின் கைக்குப் பதிலாகக் கணுக்காலைப் பிடிக்கும் இரண்டு கொக்கிகளை வைத்து, அவற்றில் விசையளக்கும் உணரிகளைப் பொருத்தினார்கள். 2013-இல் அதன் நம்பகத்தன்மையை வெளியிட்டார்கள். பிறகு அது நார்ட்போர்டு என்ற பெயரில் விற்பனைக்கு வந்து பெரிய கிளப்புகளின் ஜிம்களுக்குப் போனது. இடதுகால் எத்தனை நியூட்டன், வலதுகால் எத்தனை நியூட்டன் என்று திரையில் தெரிந்துவிடும். 2015-இல் ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரர்கள் 210 பேரை அளந்தபோது, பருவத் தயாரிப்பின் தொடக்கத்தில் 256 நியூட்டனுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் காயம் அதிகம் வந்தது. அதைவிட முக்கியம், வயதாலும் பழைய காயத்தாலும் வரும் ஆபத்தைப் பலம் ஈடுகட்டியது என்று அந்த ஆய்வு சொன்னதுதான். பழைய காயத்தை அழிக்க முடியாது, வயதைக் குறைக்க முடியாது. பலத்தைக் கூட்டலாம்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்தாரில் 413 தொழில்முறை கால்பந்து வீரர்களை வைத்து நிக்கோல் வான் டைக் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பல அளவீடுகளால் யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எண்ணைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். பயிற்சி பயனற்றது என்பதல்ல. அதே வான் டைக் 2019-இல் 8,459 வீரர்கள் இடம்பெற்ற ஆய்வுகளைத் தொகுத்தபோது, நார்டிக் சேர்ந்த திட்டங்கள் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தைப் பாதியாகக் குறைக்கின்றன என்றுதான் கண்டார். அந்தத் தொகுப்பைக் கேள்வி கேட்டவர்களும் இருக்கிறார்கள். நான் படித்தவரையில், சான்றின் எடை நார்டிக் பக்கம்தான்.

இவ்வளவு சான்று இருந்தும் என்ன ஆனது? 2015-இல் ரோல்ட் பார், தோர்போர்க், ஏக்ஸ்ட்ராண்ட் மூவரும் சாம்பியன்ஸ் லீக் அணிகளையும் நார்வே முதல்நிலை அணிகளையும் கேட்டுப் பார்த்தார்கள். மொத்தம் 50 அணிகள், 150 அணிப் பருவங்கள். நார்டிக்கை முழுதாகக் கடைப்பிடித்த அணிப் பருவங்கள் 16 மட்டுமே. 83 சதவீதத்துக்கு மேல் கடைப்பிடிக்கவே இல்லை. பயிற்சி பெயர் வாங்கிய நார்வேயிலும் இதுதான் நிலை! ஐரோப்பாவின் உயர்மட்டக் கால்பந்தில் மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001-02 பருவத்தில் 12% ஆக இருந்தது. 2021-22-இல் 24% ஆகிவிட்டது என்று ஏக்ஸ்ட்ராண்டின் கணக்கு சொல்கிறது. ஆட்டத்தின் வேகமும் அட்டவணை நெருக்கமும் கூடியிருப்பது உண்மை. ஆனால் கையிலிருக்கும் மருந்துப் புட்டியைத் திறக்காமலே வைத்திருப்பதும் உண்மை.

காரணம் புரியாததல்ல. நார்டிக் வலிக்கும். பழக்கமில்லாதவர் முதல் நாளே முப்பது தடவை செய்தால் அடுத்த இரண்டு நாள் உட்கார்ந்து எழ முடியாது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் வெளியான ஒரு சோதனை, சமூக அணிகளின் ஆட்டக்காரர்கள் பாதியில் கைவிட்டதாலேயே தெளிவான பலன் காட்டாமல் போனது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் எந்தக் கோச் வியாழனன்று கால் கனக்க வைப்பார்? ஆனால் முதல் வாரம் இரண்டே செட் என்று நார்வே அட்டவணை தொடங்குவதும் இதற்காகத்தான். ஒருமுறை வலித்த தசை அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை. அந்த முதல் சில வாரங்களைக் கடந்துவிட்டால் மிச்சம் சுலபம். ஜோயல் பிரெஸ்லண்ட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2018-இல் காட்டியது இன்னும் ஆறுதலானது: முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு வாரத்துக்கு வெறும் 8 முறை மட்டும் செய்தவர்களின் தசைக்கற்றைகளும், பல மடங்கு செய்தவர்களுடையதைப் போலவே நீண்டன. அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயிற்சியை நிறுத்திய இரண்டே வாரத்தில் அந்த நீளம் போய்விட்டது.

காயத்திலிருந்து தேறுகிறவர்களுக்கு எப்போது தொடங்கலாம் என்பது நீண்டகாலம் சர்ச்சையாக இருந்தது. வலி துளியும் இல்லாதபோதுதான் என்பது பழைய விதி. ஜாக் ஹிக்கி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், காயம்பட்ட 43 ஆண்களில் ஒரு பிரிவு வலியே இல்லாமல், மறுபிரிவு பத்துக்கு நான்கு என்ற அளவுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்தது. களம் திரும்ப ஆன காலம் இரு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 15 நாள், 17 நாள். ஆனால் லேசான வலியைத் தாங்கியவர்களின் பலம் நன்றாகத் திரும்பியது. இதை வீட்டிலேயே தன்னிஷ்டத்துக்குச் செய்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்திருந்தால் கதையே வேறு. பிசியோவோ மருத்துவரோ பார்க்காமல் தொடங்கவே கூடாது. வழக்கமாக முதலில் படுத்தபடி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், பிறகு குதிகாலைத் தரையில் சறுக்கவிட்டு நீட்டும் ஸ்லைடர், அதற்கும் பிறகே நார்டிக் என்று படிப்படியாகப் போவார்கள்.

நார்டிக் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் இடுப்பு நிமிர்ந்தே இருக்கிறது. ஓடும்போதோ இடுப்பு மடங்குகிறது. மேத்யூ போர்ன் 2017-இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், நார்டிக் உள்பக்கத்து செமிடெண்டினோசஸை அதிகம் வளர்த்தது. அடிக்கடி கிழியும் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலையை அதிகம் வளர்த்தது இடுப்பை நீட்டும் பயிற்சி. கற்றைகளை இரண்டுமே நீட்டின. அதனால்தான் நல்ல பிசியோக்கள் இடுப்பை மடக்கி நீட்டும் ருமேனியன் டெட்லிஃப்டையும் சேர்க்கிறார்கள். ஆஸ்க்லிங்கின் ‘எல்’ திட்டமும் தசையை நீண்ட நிலையில் வைத்தே உழைக்க வைக்கிறது. எக்ஸ்டெண்டர், டைவர், கிளைடர் என்று மூன்றே அசைவுகள். 2013-இல் ஸ்வீடனின் 75 கால்பந்து வீரர்களிடம் சோதித்தபோது அதைச் செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான திட்டத்தினருக்கு 51 நாள் ஆனது. கடைசியில் முழு வேக ஓட்டத்தையும் படிப்படியாகப் பழக்காமல் யாரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது. பாயில் எவ்வளவு பலம் வந்தாலும் ஓட்டத்துக்கு ஓட்டம்தான் பயிற்சி.

பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்கும், மாவட்ட அணிகளைத் தயார் செய்யும் கோச்களுக்கும், பிள்ளையை அதிகாலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்த பிள்ளை மூன்று வாரத்தில் வந்து ‘வலி இல்ல சார், ஓடுறேன்’ என்றால் நம்புங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து அடுத்த போட்டியில் இறக்கிவிடாதீர்கள். பிசியோ சரி என்று சொன்ன பிறகு பாய் விரித்து மண்டியிடச் சொல்லுங்கள். கணுக்காலை நீங்களே பிடியுங்கள். முதல் வாரம் ஒரு நாள், ஐந்து முறை, இரண்டு செட். பத்து வாரம் அட்டவணைப்படி போங்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஓடுகிற காலம் முழுக்க வாரத்துக்கு 8 முறையாவது செய்யட்டும். தேர்வு, திருவிழா, மழை என்று இரண்டு வாரம் சேர்ந்தாற்போல விட்டுவிடாதீர்கள்.